அரண்மனையும் ஆறாட்டும்

1971-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் நிறைவேறியதோடு, இந்திய மன்னர்களின் பட்டங்களும் மானியங்களும் முடிவெய்தின. இன்று அன்னாரின் வழித்தோன்றல்கள் நம்மைப் போன்ற குடிமக்களே. எனினும், அரச குடும்பத்தினரை ஒருமுறையேனும் காணவேண்டும் என்னும் ஆவல் மக்களிடையே குன்றவில்லை. வேலையின் பொருட்டுக் கேரளத்தில் குடியேறியுள்ள நம்மவர்க்கு அவ்வாவல் நிறைவேறத் தகுந்த நகரம் திருவனந்தபுரமே.

அங்குள்ள கவடியார் அரண்மனை, திருவிதாங்கூர்க் குடும்பத்தினரின் இல்லம். பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று. அதன் வாயிலில் காத்து நிற்பதால் பயன் இல்லை. பிறர் மனையின் அமைதியைக் குலைப்பதும் முறையாகாது. அவர்களைக் காண வேண்டிய இடம் கோயில் வீதியாகும்.

இதற்குக் காரணம் உண்டு. 1750-இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கே காணிக்கையாக்கி, இறைவனின் அடியவராக நின்று ஆட்சி புரிந்தார். அவர் வழிவந்தோர் ‘பத்மநாபதாசர்’ எனப் பெயர் பூண்டனர். அரசுரிமை மறைந்த பின்னரும் அடிமைத் தொண்டு மறையவில்லை. கோயிலில் அக்குடும்பத்திற்குள்ள உரிமையை 2020-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

ஆண்டில் இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்து நாள் திருவிழா நிகழ்கிறது. மலையாள நாட்டில் இவ்விழாக்கள் இன்றும் ‘பைங்குனி’, ‘அல்பசி’ என நம் மாதப் பெயர்களாலேயே வழங்குவது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஒன்பதாம் நாள் இரவு பள்ளிவேட்டை. குடும்பத் தலைவர் இளநீர்க்காய் ஒன்றின்மீது அம்பெய்வார். பத்தாம் நாள் மாலை ஆறாட்டு. அன்று அவர் உருவிய வாளேந்தி, இறைவனின் வாகனத்திற்கு முன்னே சங்குமுகம் கடற்கரை வரை நடந்தே செல்வார். ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து செல்வதால், சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. அன்று விமானத்தில் பயணம் செய்வோர் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்க. மேற்குக் கோட்டைப் பக்கம் பிற்பகலிலேயே சென்று ஓரமாக நின்றால் நன்கு காணலாம். கட்டணமோ, அனுமதிச் சீட்டோ வேண்டியதில்லை.

அரண்மனை காண விழைவோர், கோயிலை அடுத்துள்ள குதிரைமாளிகைக்குச் செல்லலாம். இசைவாணரான சுவாதித் திருநாள் மன்னர் எழுப்பிய மாளிகை இது. இறவாரத்தின் கீழே வரிசையாய்ச் செதுக்கிய மரக் குதிரைகளால் இப்பெயர் பெற்றது. பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனையோ, 1956 முதல் தமிழகத்தைச் சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ளது; ஆயினும் அதைக் காத்து வருவது கேரளத் தொல்பொருள் துறை. நவராத்திரிக்கு முன் அங்கு உடைவாள் கைமாறும் சடங்கு நிகழ்ந்து, தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கின்றன. இவ்விரு மாளிகைகளுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள்.

கோயிலினுள் செல்லும் ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டி உடுத்தியிருத்தல் வேண்டும். பெண்டிர்க்குப் புடவை தகும். ஊர்வலம் நெருங்குகையில் முண்டியடித்து முன்செல்வதும், குடும்பத்தினரை அழைத்துப் படமெடுக்க முயல்வதும் தகாது. அவர் அன்று மக்களுக்குக் காட்சி தர வந்தவரல்லர். தம் ஆண்டவனுக்கு வழித்துணையாய் நடப்பவர். அதனை உணர்ந்து ஒதுங்கி நின்று காண்போர்க்கே அக்காட்சியின் பொருள் விளங்கும்.