பளிச்சென்று இல்லாத புதுப் பெட்டி

எச்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தை நம்பிப் பெரும் விலை கொடுத்துத் தொலைக்காட்சி வாங்கி வந்தவர், நடுப்பகலில் கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு முதல் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பழைய பெட்டியே இதைவிடப் பளிச்சென்று இருந்ததே!" என்று மனம் சோர்வதுண்டு, அவர் கண்ணிலும் குற்றமில்லை, பெட்டியிலும் பெரும்பாலும் குற்றமில்லை.

பிரகாசத்தை அளக்க நிட் என்றோர் அளவு இருக்கிறது. சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி என்று உத்தேசமாகக் கொள்ளலாம். பழைய முறையில் படத்தின் வர்ணங்களைச் சீர்செய்தவர்கள் வெண்மையின் உச்சத்தை 100 நிட் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். வீட்டுப் பெட்டியோ அந்த உச்சத்தைத் தன் சக்திக்கேற்ப இரண்டு மூன்று மடங்காக உயர்த்திக் காட்டிற்று. எச்.டி.ஆருக்கென்று 2014-ல் தரமாக்கப்பட்ட பி.க்யூ. என்னும் முறையில் அந்தச் சுதந்திரம் இல்லை: 10,000 நிட் வரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் இன்ன பிரகாசம் என்று விதித்தாயிற்று. முகமும் சுவரும் ஏறக்குறையப் பழைய ஸ்தானத்திலேயே நிற்க, மிஞ்சிய இடமெல்லாம் தீபச் சுடருக்கும் நீரில் மின்னும் வெயிலுக்கும் போய்ச் சேர்கிறது. மங்கலான அறையில் அமர்ந்து வர்ணம் சீர்செய்கிறவர்கள் தீர்மானித்த முகம், வெயில் புகுந்த கூடத்தில் இருண்டு தெரிவதில் ஆச்சரியமென்ன?

வர்ணத்தின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 100 நிட் வெண்மையில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. ஆகவே பழைய திரையில் சுத்தமான சிவப்பு 21 நிட்டைத் தாண்ட வழியே இல்லை. அதற்குமேல் ஒளிரவேண்டுமானால் மற்ற இரண்டையும் கலந்தாக வேண்டும், கலந்தால் சிவப்பு வெளிறிவிடும். அஸ்தமன சூரியன் செக்கச்செவேலென்றும் இராமல், ஜொலிக்கவும் ஜொலிக்காமல், மஞ்சள் பாரித்த வெள்ளை வட்டமாய்த் திரையில் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். உச்சவரம்பு உயர்ந்ததும் நிறமும் ஒளியும் ஒருங்கே வாய்க்கின்றன, எச்.டி.ஆரின் மெய்யான பெருமை இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

4,000 நிட் உச்சத்தில் அமைத்த படத்தை 500 நிட் பெட்டி காட்ட நேரும்போது, அது உச்சங்களை நசுக்கித் தன் எல்லைக்குள் அடக்குகிறது. எச்.டி.ஆர். 10 என்னும் வகை, படம் முழுமைக்கும் பிரகாசத்தைப் பற்றி ஒரே குறிப்பைத்தான் தருவதால், எங்கோ வரும் ஒரு மின்னலுக்காக மற்ற காட்சிகளையும் சில பெட்டிகள் மங்கவைத்துவிடும். டால்பி விஷன் என்னும் வகை காட்சிதோறும் தனிக்குறிப்பு அனுப்புகிறது. பி.பி.சி.யும் ஜப்பானின் என்.எச்.கே.யும் ஒளிபரப்புக்கென்று அமைத்த எச்.எல்.ஜி. முறையோ, பழைய வழக்கப்படி, பிரகாசத்தைப் பெட்டியின் சக்திக்கே விட்டுவிடுகிறது.

நம் நண்பர் அதே படத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு முறை போட்டுப் பார்க்கட்டும்.