வேலூரில் பூஜ்யம் டிகிரி!

கணக்கோடு சி மொழி - 7

கோடை வந்தால் நம் செய்தித்தாள்களில் வெயில் ‘சதம்’ அடிக்கும். அந்தச் சதம் பாரன்ஹீட் கணக்கு. வானிலை ஆய்வு மையம் சொல்வதோ செல்சியஸ். சென்னையை அடுத்த திருநீர்மலையில் இருப்பவர்களுக்கு இந்த வெயில் கணக்கு பக்கத்து ஊர்ச் சங்கதி. மலைப்படி ஏறி நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தெரியும். வெயில் பட்டியலில் தவறாமல் வரும் மீனம்பாக்கமும் அதுதான்.

அடிவாரத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலையே கணக்காகக் கொடுத்தேன். மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம், மதுரை, வேலூர். நான்கிலும் 104 டிகிரி என்று வைத்துக்கொண்டு செல்சியஸுக்கு மாற்ற வேண்டும். விடை 40.

“சார், எல்லா ஊரும் ஜீரோ காட்டுது சார்!” என்றாள் ஒரு மாணவி.

“அப்ப ஊட்டிக்குப் போற செலவு மிச்சம்மா” என்றபடி திரையைப் பார்த்தேன். 5 / 9 * (எஃப் - 32) என்று எழுதியிருந்தாள். பள்ளிக் கணக்கில் இது சரி. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும். ஐந்தை ஒன்பதால் வகுத்தால் பூஜ்யம். அதை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். 5.0 / 9.0 என்று எழுதினால் தீர்ந்தது.

திருத்தினாள். மூன்று ஊர்களில் 40 வந்தது. வேலூரில் மட்டும் இன்னும் பூஜ்யம்! சூத்திரத்தை நான்கு இடத்தில் எழுதியிருந்தாள். நான்காவதைத் திருத்த மறந்துவிட்டாள்.

செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், தேவைப்படும் இடம் இதுதான். சூத்திரத்தை ஒரே இடத்தில் எழுதிப் பெயர் வைக்கிறோம்:

ஃப்ளோட் செல்சியஸ்(ஃப்ளோட் எஃப்)
{
ரிட்டர்ன் (எஃப் - 32) * 5.0 / 9.0;
}

முதல் ‘ஃப்ளோட்’, திரும்பி வரும் விடை தசம எண் என்கிறது. அடைப்புக்குள் இருப்பது நாம் கொடுக்கும் எண். ‘ரிட்டர்ன்’ விடையை அழைத்தவரிடமே ஒப்படைக்கிறது. பிறகு எந்த ஊருக்கும் செல்சியஸ்(104) என்று கூப்பிட்டால் போதும். சூத்திரம் தப்பானால் நான்கு ஊரும் சேர்ந்து தப்பாகும். ஒரு வரியைத் திருத்தினால் நான்கும் சேர்ந்து சரியாகும்.

மாணவி விழுந்த குழி புதியதல்ல. 1978-இல் கணினி அறிஞர் கெர்னிகனும், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் அம்மொழி பற்றி எழுதிய நூலின் முதல் அத்தியாயத்திலேயே இதே வெப்பநிலைக் கணக்கு வருகிறது. 5 / 9 என்று முழு எண்களாக எழுதினால் பூஜ்யமாகிவிடும் என்ற எச்சரிக்கையும் வருகிறது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். 2003 மே மாதம் சென்னையில் பதிவான 45 டிகிரியை அதற்குக் கொடுங்கள். 113 வந்தால், அடுத்த வாரப் பாடத்துக்கு நீங்கள் தயார்.

(தொடரும்)