புதிய டயரும் முதல் 160 கிலோமீட்டரும்

இருசக்கர வாகனத்திற்குப் புதிய டயர் மாட்டிய அன்றே, அறுவைச் சிகிச்சை முடிந்தவரைப் பின்னால் அமர்த்தி வீட்டிற்கு அழைத்துச் செல்ல வேண்டா, ஆட்டோவே ஏற்றது. புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பானது. வார்ப்பிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்படும் பொருளின் படலமும் அதில் எஞ்சியிருக்கக்கூடும். சாலையில் உராய்ந்து சற்றுச் சொரசொரப்பான பின்னரே டயருக்கு முழுப் பிடிப்புக் கிடைக்கும். இதற்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதுவரை திடீர் பிரேக்கும் வேகமான முறுக்கலும் கூடா. வளைவுகளில் சாய்வைச் சிறிது சிறிதாகவே கூட்டுக. நடுப்பகுதி தேய்ந்திருந்தாலும் ஓரங்கள் புதிதாகவே இருக்கும். மழை நாளில் இன்னும் மெதுவாகச் செல்லுதல் நலம். பளபளப்புக்காகச் சிலர் பூசித்தரும் திரவம், சாலையைத் தொடும் பகுதியில் படவே கூடாது. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்கவும். பின்னால் ஒருவர் அமரும்போது பின் டயருக்கு உரிய அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். வாகனக் கையேட்டில் அதனைக் காணலாம்.