உங்களுக்குத் தெரியுமா? முதுகில் போடும் ஊசி

● "முதுகுல ஊசி போட்டாங்க" என்பது மலேசியாவின் சுங்கை வேயில் ஸ்பைனல், எபிடியூரல் இரண்டு ஊசிகளுக்கும் பொதுப் பேச்சு. ஸ்பைனல் ஒரே குத்து. சில மணி நேரத்தில் மரப்பு விட்டுவிடும். எபிடியூரல் தண்டுவட உறைக்கு வெளியிலேயே நிற்கும். நூல் மாதிரி ஒரு குழாயை அங்கே விட்டு, முதுகோடு பிளாஸ்டர் ஒட்டி, அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளுக்கு மருந்து செலுத்துவார்கள்.

● அந்தக் குழாயில் போவது பெரும்பாலும் ஸ்டீராய்டு அல்ல! பியூபிவக்கேன் போன்ற மரப்பு மருந்தும் கொஞ்சம் ஃபெண்டனிலும்தான். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் போடும் எபிடியூரலில்தான் ஸ்டீராய்டு வழக்கம்.

● எபிடியூரலை 1921இல் விவரித்து எழுதியவர் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ். 1923இல் சாலை விபத்தில் போய்விட்டார். பெயர் தட்டிச் சென்றவர் பத்தாண்டு கழித்து வந்த இத்தாலியர் தொலியோத்தி.

● அறுவைக்குப் பிந்திய வலிக்கு ஸ்டீராய்டு வருவது முக்கியமாக முதுகு வட்டு அறுவையில். தையல் போடுவதற்கு முன், அழுத்தம் நீங்கிய நரம்பின் மேல் மெத்தில்பிரெட்னிசொலோனை விடும் அறுவை மருத்துவர்கள் உண்டு. வீக்கம் அடங்கும், முதல் ஓரிரு நாள் வலி கொஞ்சம் குறையும் என்கின்றன ஆய்வுகள். அந்த 'கொஞ்சம்' முக்கியம். புண்ணில் கிருமி தொற்றுமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கையில் ரத்தநாளம் வழியாகக் கொடுத்தாலே வலி ஓரளவு தணியும், வாந்தியும் அடங்கும். பிறகு முதுகுக்குள் எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயம்தான்.

● அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது: எபிடியூரல் ஸ்டீராய்டால் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், மரணம்கூட நேரலாம். அந்த வழியில் செலுத்த ஸ்டீராய்டை அது அங்கீகரித்ததே இல்லை.

● இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு: ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். காலையில் பார்த்த எண் சரியாக இருந்தாலும் மாலையில் எகிறலாம். 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய். இனவாரியாக இந்தியர்களே முதலிடம். ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

● கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர்ப் பக்கம் போனால் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை. அறுவைக்குப் பிந்திய வலியைக் கவனிக்கவே அங்கே ஒரு தனிக் குழு அமைந்தது. அதன் முதலாண்டு அனுபவத்தை மருத்துவர்கள் ரமணி விஜயனும் டெலில்கனும் 1994இல் மலேசிய மருத்துவ இதழில் எழுதினார்கள். 2008இல் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக்கியது. பிரஷர் பார்க்க வரும் மிஸ்ஸி "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பது அதனால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை" என்று சொன்னால் அவர் அதைத்தான் எழுதுவார்.

● வார்ஃபரின், குளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா? அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். குழாயைப் போடும்போது மட்டுமல்ல, உருவும்போதும் உள்ளே ரத்தம் கட்டலாம். உருவிய பிறகு கால் புதிதாக மரத்தாலோ, வலுவிழந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.