நீளும் வைஃபை, குறையும் வேகம்

வீடுகளில் ரிப்பீட்டர் தரும் ஏமாற்றத்துக்கு விடை தேனியின் கோபுரங்களில் இருக்கிறது.

கூடத்தில் இருக்கும் ரூட்டரில் 100 மெகாபிட் வேகம். மாடி அறையிலோ சிக்னலே இல்லை. குடும்பத் தலைவர் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி வந்து அந்த அறையிலேயே செருகுகிறார். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்து நிற்கின்றன. மகளின் ஆன்லைன் வகுப்பு மட்டும் திணறுகிறது. ஊரெங்கும் இதே கதைதான்.

பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. மலிவான ரிப்பீட்டரில் இருப்பது ஒரே ரேடியோ. ரூட்டர் சொல்வதை அது முதலில் கேட்க வேண்டும்; பிறகு அதே அலைவரிசையில் போனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்வதால், 100 மெகாபிட் அதிகபட்சம் 50 ஆகிறது. அதற்கப்பால் இன்னொரு ரிப்பீட்டர் வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான். போனில் தெரியும் கோடுகளும் ரிப்பீட்டரின் அருகாமையைத்தான் காட்டுகின்றன. ரூட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

வீட்டில் இது எரிச்சலோடு போய்விடும். தேனி மாவட்டத்திலோ இது பார்வை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எத்தனை முகாம்கள் நடத்தினாலும் சிகிச்சை தேவைப்படும் கிராமத்தினரில் மிகச் சிலரே வருவதைக் கண்டது. எனவே 2004 முதல் சிற்றூர்களில் சிறு பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியுடன் பேசி, கண்ணாடியா, மருந்தா, அறுவைச் சிகிச்சையா என்று சொல்வார். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். ஆனால் படம் உறைந்து நின்றால் எல்லாம் வீண்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-ல் மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது வசதியாகப் போயிற்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் புரூவரின் குழு, 2006-ல் ஐந்து மையங்களைத் தேனியுடன் வைஃபையால் இணைத்திருந்தது. மலிவான சாதாரண வைஃபை அட்டைகள்தான். உயரத்தில் திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனாக்கள்தான் வித்தியாசம்.

ஆனால் வைஃபை அறைக்குள் பேசப் பழகிய பிள்ளை. ஒவ்வொரு தகவலுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். 15 கி.மீ. தூரத்துக்கு அலை போய்த் திரும்ப நொடியில் 10,000-ல் ஒரு பங்கு ஆகிறது. மனிதனுக்கு அது ஒன்றுமில்லை; வைஃபையோ தகவல் தொலைந்தது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். அஞ்சல் கோபுரத்தில் இன்னொரு தொல்லை. அருகருகே கட்டிய இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று பேசினால் மற்றதற்குக் காது அடைத்துப்போகும். வீட்டு ரிப்பீட்டருக்கு உள்ள அதே வியாதி.

அந்தக் குழு மாற்றியது மென்பொருளை மட்டுமே. நேரம் கூறுபோடப்பட்டது. ஒரு கோபுரத்தின் ஆன்டெனாக்கள் எல்லாம் சேர்ந்து பேசும். பிறகு எல்லாம் சேர்ந்து கேட்கும். பதில்கள் மொத்தமாக ஒரே தடவையில் போகும். வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக 2007-ல் குழுவினர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

கேட்பதும் பேசுவதும் ஒன்றையொன்று இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். வீட்டில் இதற்குப் பல வழிகள் உண்டு. செலவே இல்லாதது, ரூட்டரை மூலையிலிருந்து வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருவது. ரிப்பீட்டர்தான் என்றால், சிக்னல் செத்த அறையில் வைக்கக்கூடாது. ரூட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக எட்டும் பாதி வழியில் வைக்க வேண்டும். இரண்டு ரேடியோ உள்ள கருவியானால் ரூட்டருடன் 5 கிகாஹெர்ட்ஸிலும் போனுடன் 2.4-லும் பேச வைக்கலாம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டச் சிரமப்படும். அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே காற்றைத்தான் பங்கு போடுகின்றன. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மூன்றுதான். நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பலன் தரும்.

எல்லாவற்றிலும் நிச்சயமானது, பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை மாடிக்குக் கொண்டுபோய், ஆக்சஸ் பாயின்டாக மாற்றி, கீழே உள்ள ரூட்டருடன் லேன் கேபிளால் இணைப்பது. 100 மீட்டர் வரை வேகத்தில் சேதாரம் இல்லை. கம்பியில்லா இணைப்பை நீட்டக் கம்பிதான் சிறந்த வழி என்பது வேடிக்கைதான். ஆனால் மாடியில் படிக்கும் மகளின் வகுப்பு தடையில்லாமல் நடக்கும்.