ஆலங்காட்டுச் செம்பும் அணுவில்லா மருந்தும்

1905ஆம் ஆண்டு திருவாலங்காட்டில் 31 செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த கொடையையும், சோழர் குல வரலாற்றையும் சொல்லும் ஏடுகள் அவை. திருவாலங்காட்டின் நடராசர் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்களைப் பார்த்து வியந்து, பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஏட்டுக்கும் திருமேனிக்கும் அடிப்படை செம்புதான். காற்றும் ஈரமும் பட்டுச் செம்பின் மேல் படியும் மெல்லிய களிம்புப் படலம் உள்ளேயிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நூற்றாண்டுகள் கடந்தும் அந்த எழுத்துகளை வாசிக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் களிம்பு உணவில் கலந்தால் நஞ்சு. நம் வீடுகளில் புளியும் மோரும் வெறும் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைக்க மாட்டார்கள். உள்ளே ஈயம் பூசித்தான் புழங்குவார்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு வயிற்றுக்குள் போனால் வாயில் உலோகச் சுவை, குமட்டல், வாந்தி, வயிற்றை முறுக்கும் வலி, பேதி எல்லாம் வரும்.

இந்த நஞ்சின் அறிகுறிகளிலிருந்துதான் ஹோமியோபதியின் ‘குப்ரம் மெட்டாலிக்கம்’ என்ற மருந்து பிறந்தது.

நஞ்சே மருந்தாக

ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843) வகுத்த விதி இது: நலமாக இருப்பவருக்கு ஒரு பொருள் எந்த அறிகுறிகளை உண்டாக்குகிறதோ, அதே அறிகுறிகளோடு வரும் நோயை அந்தப் பொருள் தீர்க்கும். செம்பு நஞ்சேறியவர்களின் துன்பங்களும், செம்பைச் சிறு அளவில் உட்கொண்டு சோதித்தவர்கள் சொன்ன குறிப்புகளும் சேர்ந்து குப்ரத்தின் ‘குறிச் சித்திரம்’ ஆயின. ஹோமியோபதி நூல்கள் அதை இப்படி விவரிக்கின்றன: கை, கால் விரல்களில் தொடங்கி மேலேறும் குரக்களி, கெண்டைக்கால் தசை முடிச்சுப் போட்டதுபோல் இறுகுவது, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும் வலிப்பு, முகமும் உதடும் நீலம் பாரிப்பது, குளிர்ந்த நீர் குடித்ததும் தணியும் வாந்தி, மூச்சு நின்றுவிடுமோ என அஞ்சவைக்கும் கக்குவான் இருமல்.

1831இல் ஐரோப்பாவைக் காலரா தாக்கியபோது ஹானிமன் பரிந்துரைத்த மருந்துகளில் குப்ரமும் ஒன்று. வாந்தி, பேதி, குரக்களி, நீலம் பாரித்த முகம் என்று காலரா நோயாளியின் தோற்றம் செம்பு நஞ்சேறியவரின் தோற்றத்தை ஒத்திருந்தது. 1854இல் லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் காலரா நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 16 சதவீதம்தான். மற்றொரு பெரிய மருத்துவமனையில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதை ஹோமியோபதியர் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். ஆனால் அன்றைய வழக்கமான மருத்துவம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். நீர் வற்றிக்கிடந்த நோயாளியின் உடலிலிருந்து இரத்தம் வடித்தது. பாதரச மருந்து கொடுத்துப் பேதியை மேலும் தூண்டியது. ஹோமியோபதி அந்தக் கொடுமையைச் செய்யவில்லை. அது காட்டிய இந்த நிதானத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ஹோமியோபதி உருண்டையால்தான் பிழைத்தார்கள் என்பதற்கு அந்த எண்கள் சான்றாகா.

தோற்றம் ஒன்று, காரணம் வேறு

செம்பு இரைப்பையின் உள்சுவரை எரிச்சலூட்டி வாந்தியை வரவழைக்கிறது. காலராவில் நடப்பது வேறு விதம். நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் பிரித்தெடுத்தார். அது நச்சைச் சுரப்பதைச் சம்புநாத் டே அதே நகரில் 1959இல் நிறுவினார். அந்த நச்சு குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கிறது. அந்த இழப்பால்தான் தசை இழுக்கிறது. இரத்த ஓட்டம் குன்றி முகம் நீலம் பாரிக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நடப்பவை வேறு. காரணம் தெரிந்த பிறகு சிகிச்சையும் தெளிவானது. 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

அளவே உயிர்

செம்பு நமக்குப் பகையும் இல்லை. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. செல்கள் மூச்சு விடவும் இரும்பைப் பயன்படுத்தவும் அது வேண்டும். அன்றாடத் தேவை ஒன்றிரண்டு மில்லிகிராம். கூடினால் கேடு. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் குழந்தைகளின் உயிர்பறித்த ஒருவகைக் கல்லீரல் சுருக்க நோய்க்கும் உள்ள தொடர்பை 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. பாத்திரம் மாறியதும் அந்த நோய் அரிதாகிவிட்டது.

சரியான அளவில் அதே செம்பு கிருமியைக் கொல்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், காலரா, டைஃபாய்டு கிருமிகள் கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு உயிருள்ள கிருமியைக் காண முடியவில்லை. நீரில் கரைந்த செம்பு லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு 2 மில்லிகிராம். பானையிலிருந்து கரைந்து வரும் செம்பு அயனிகள்தான் கிருமியின் உறையைச் சிதைக்கின்றன.

குப்ரம் உருண்டையில் செம்பு எவ்வளவு? உலோகப் பொடியைப் பால்சர்க்கரையோடு நூற்றில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் அரைப்பார்கள். மூன்று முறை அரைத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிறகு சாராயத்தில் அதே விகிதத்தில் கரைத்துக் குலுக்கிக்கொண்டே போவார்கள். 12 படி தாண்டியதும் ஓர் அணுவாவது மிஞ்சும் வாய்ப்பே மங்கிவிடுகிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 30ஆம் வீரியத்தில், ஒன்றுக்குப் பின்னால் 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்குதான் செம்பு. குலுக்கக் குலுக்க ஆற்றல் ஏறுகிறது என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. இயற்பியலும் வேதியியலும் அதற்கு ஆதாரம் கண்டதில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 176 ஆய்வுகளை அலசி, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தக்க சான்று எந்த நோய்க்கும் இல்லை என 2015இல் அறிவித்தது.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஹோமியோபதியை அங்கீகரித்தது. நிதானமாக உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்கும் மருத்துவரை மக்கள் நாடுவதில் வியப்பில்லை. அந்தக் கனிவு எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். சாதாரணத் தசைப்பிடிப்பு பெரும்பாலும் தானாகவே சில நிமிடங்களில் விட்டுவிடும். அந்த நேரத்தில் உருண்டை சாப்பிட்டிருந்தால் பெயர் உருண்டைக்குப் போய்விடும்.

ஆபத்து, தானாக விடாத இடங்களில் இருக்கிறது. திருவாலங்காட்டுக் கரும்பு வயலில் சித்திரை வெயிலில் வெட்டுபவருக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்கும் உலையருகே நிற்கும் வடமாநில இளைஞருக்கும் கால் இழுத்துக்கொண்டால், வியர்வையில் போன உப்பையும் நீரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1920களிலேயே பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களிடம் உப்பு நீர் பலன் தந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைக்கலாம். அது இல்லையென்றால் அதே ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நிழலும் ஓய்வும் கட்டாயம் வேண்டும். நினைவு தடுமாறினால், வலிப்பு வந்தால், வாந்திபேதியில் சிறுநீர் நின்றால், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வேலையிடம்தோறும் குடிநீரும் ஓ.ஆர்.எஸ். பெட்டியும் வைக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. வைத்திருக்கிறார்களா என்று கேட்பது தொழிலாளியின் உரிமை.