பல இழுப்பறை அலமாரி: பழைய பொருளும் வீட்டுப் பயனும்

பல இழுப்பறை அலமாரி என்பது சிறிய இழுப்பறைகள் (டிராயர்கள்) வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட மர அலமாரி அல்லது இரும்பு அலமாரி ஆகும். நூலகம், மருந்துக் கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலைக்காகச் செய்யப்பட்ட இத்தகைய பழைய அலமாரிகள் இன்று வீட்டு அலங்காரப் பொருள்களாகவும் விற்கப்படுகின்றன. பார்க்க அழகானவை, பொருள்களை ஒழுங்காக வைக்கவும் உதவக்கூடியவை. ஆனால் முறை தெரியாமல் பயன்படுத்தினால், அறுபது இழுப்பறை உள்ள அலமாரி பொருள்களைத் தொலைப்பதற்கு அறுபது இடங்களாக மாறிவிடும். இவை முதலில் இருந்த இடத்தில் எவ்வாறு இயங்கின என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பயன்படுத்துவது எளிது.

நூலக அட்டை அலமாரி

நூல்களைப் பற்றிய விவரங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி அடுக்கும் முறை பழமையானது. பிரெஞ்சுப் புரட்சி அரசு, தான் கைப்பற்றிய நூல்களைப் பட்டியலிட 1791ஆம் ஆண்டில் சீட்டாட்ட அட்டைகளின் வெற்றுப் பின்புறத்தைப் பயன்படுத்தச் செய்தது. பின்னர் அட்டையின் அளவு ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம், 12.5 செ.மீ. அகலம் என நிலைபெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 முதல் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்றது. எல்லா நூலகங்களிலும் அட்டை ஒரே அளவில் இருந்ததால் இழுப்பறையும் ஒரே அளவில் அமைந்தது.

இந்த அலமாரியில் தேடுதல் மூன்று படிகளில் நடக்கும்.

1. இழுப்பறையின் முகப்பில் பித்தளைச் சட்டம் ஒன்று உண்டு. அதில் செருகிய சீட்டு, உள்ளே எந்த எழுத்து முதல் எந்த எழுத்து வரை உள்ளது என்று காட்டும்.
2. உள்ளே சற்று உயர்ந்து நிற்கும் வழிகாட்டி அட்டைகள், தேடும் இடத்தை மேலும் சுருக்கும்.
3. கடைசியாக உரிய அட்டை கைக்கு வரும். அட்டைகளின் அடிப்புறத் துளைகள் வழியே ஓடும் உலோகக் கம்பி, அவை வரிசை மாறாமலும் யாரும் எடுத்துச் செல்லாமலும் காக்கும்.

தமிழ்நாட்டு நூலகங்களிலும் இம்முறை நெடுங்காலம் இருந்தது. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். நூலகப் பட்டியல் தயாரிப்பதற்கான விதிகளை 1934இல் நூலாக வெளியிட்டார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அட்டை அலமாரியின் நோக்கமும் அதுவே.

கணினிப் பட்டியல் வந்தபின் அட்டைகளுக்கு வேலை குறைந்தது. பல நாட்டு நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டு வழங்கிவந்த ஓ.சி.எல்.சி. என்னும் அமெரிக்க நிறுவனம், 2015 அக்டோபர் 1 அன்று அப்பணியை நிறுத்தியது. நூலகங்கள் கழித்துவிட்ட அலமாரிகள்தாம் இன்று பழம்பொருள் கடைகளில் காணப்படுகின்றன.

மருந்துக் கடை அலமாரி

சீன மரபு மருந்துக் கடைகளில் சுவரை நிறைத்து நிற்கும் அலமாரியை ‘நூறு கண் அலமாரி’ என்றும் சொல்வர். ஓர் இழுப்பறைக்குள் இரண்டு, மூன்று தடுப்புகள் இருக்கும். உள்ளிருக்கும் மருந்துகளின் பெயர்கள் முகப்பில் எழுதப்பட்டிருக்கும். எந்த மருந்து எங்கே என்பதற்கும் விதிகள் உண்டு. அடிக்கடி தேவைப்படுபவை கைக்கு எட்டும் நடுவரிசையில். எப்போதாவது தேவைப்படும் எடை குறைந்தவை மேலே. கல், கிளிஞ்சல் போன்ற கனமானவை கீழே. இடத்தை அடைக்கும் பொருள்கள் அடியிலுள்ள பெரிய இழுப்பறைகளில். சேர்த்துக் கொடுக்கக்கூடாத மருந்துகளை அருகருகே வைப்பதில்லை. கை தவறி மாற்றி எடுத்தாலும் கேடு நேரக்கூடாது என்பதே காரணம்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து வேறுபாடு

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பெயர் எழுதுவதில்லை. மூடியைத் திறந்தால் கடுகும் சீரகமும் ஒரே பார்வையில் தெரிகின்றன. இழுப்பறை அலமாரி அப்படிப்பட்டது அன்று. அது பொருளை மறைக்கிறது. ஆகவே பெயர்ச்சீட்டு அதற்கு அலங்காரம் அன்று, அடிப்படைத் தேவை. சீட்டு இல்லாவிட்டால் வைத்தவருக்கு மட்டுமே இடம் தெரியும். வீட்டில் உள்ள மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பயன்படுத்தும் முறை

• பொருளை முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு இழுப்பறையை ஒதுக்க வேண்டும். தையல், மின்சாரம், எழுதுபொருள், தபால்தலை, விதை என்று இனம் பிரித்து, ஓர் இனத்துக்கு ஒரு நெடுவரிசை தரலாம்.
• ஓர் இழுப்பறைக்கு ஓர் இனம் போதும். ‘பலவகை’ என்று ஒன்று வைத்தால் அதில்தான் எல்லாம் சேரும்.
• சீட்டில் வீட்டார் பேசும் சொல்லையே எழுத வேண்டும். ‘மின்சாதன உதிரிப் பொருள்கள்’ என்பதைவிட ‘பியூஸ் கம்பி, டெஸ்டர்’ என்பது விரைவில் புரியும். முதியோர் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.
• அளவு பார்த்து வைக்க வேண்டும். அட்டை இழுப்பறையில் நூல்கண்டு, பொத்தான், சாவி, மூக்குக் கண்ணாடி, பழைய ஒலிநாடாப் பேழை ஆகியவை அடங்கும். வழக்கமான குறுந்தகட்டுப் பெட்டியும் 10 × 15 செ.மீ. புகைப்படமும் நிமிர்த்தி வைக்க அடங்கமாட்டா.
• கம்பியைக் கழற்றினாலும் எறியாமல் அலமாரியோடு வைத்திருங்கள்.

அலமாரியைச் சுவர் ஓரமாகத் தனியே நிறுத்தினால் அதன் வரிசைகளே அறைக்கு அழகு தரும். மேலே ஒரு விளக்கோ பூச்சாடியோ போதும். பழைய சீட்டுகளில் கையெழுத்து இருந்தால் அதன்மேல் ஒட்டாமல், எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிய சீட்டைச் செருகலாம். அந்த அலமாரி எங்கிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

வாங்கும் முன்

எல்லா இழுப்பறைகளையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்திருக்கிறது. பின்பலகையில் மண்தடம் இருந்தால் கரையான் வந்திருக்கிறது. இழுப்பறை இறுகி நின்றால், அது உரசும் பலகையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் எளிதாக ஓடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் (அமெரிக்காவில் வீட்டுப் பூச்சில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான்). எனவே உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பக்கூடாது. மருந்துக் கடை அலமாரியில் உணவுப்பொருள் வைக்கவே வேண்டாம். மரபு மருத்துவத்தில் பயன்பட்ட சாதிலிங்கத்தில் பாதரசமும் மனோசிலையில் ஆர்சனிக்கும் உண்டு. அவற்றின் தூள் மரத்தில் தங்கியிருக்கலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

இதுவே மிக முக்கியமானது. பல இழுப்பறைகளை ஒரே நேரத்தில் இழுத்தால் எடை முன்பக்கம் நகர்ந்து அலமாரி சாயும். குழந்தைகளுக்கோ அவை படிக்கட்டு போலத் தோன்றும். துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டிகள் இவ்வாறு குழந்தைகள் மேல் சாய்வதைத் தடுக்க அமெரிக்காவில் 2022இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பழைய அலமாரிகள் அத்தகைய விதிகள் வருமுன் செய்யப்பட்டவை. ஆகவே அலமாரியின் மேற்பகுதியை இரும்புப் பட்டையும் திருகாணியும் கொண்டு சுவரோடு இறுகப் பிணைக்க வேண்டும். கனமான பொருள்கள் கீழ்வரிசையில் இருக்கட்டும். மாத்திரை, ஊசி, பொத்தான் மின்கலம் ஆகியவை குழந்தைக்கு எட்டாத மேல்வரிசையில், பூட்டுடன் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் யாரையும் கேட்காமல் ஊசியும் நூலும் எடுக்க முடிந்தால், அலமாரி சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.